ஆறாம் வரிசையில் யாரும் இல்லை

ஆறாம் வரிசை, சென்-ஒராஸ்
14 அக்டோபர் 1981

ரெயாலுக்கு,

இல்லாத ஒருத்தி எழுதுகிறேன்.

நீ அச்சடித்து அனுப்பிய கையேடு நேற்று வந்தது. அட்டையில் "புதிய வட்டாரத்தின் புவியியலும் மக்கள்தொகையும்" என்று பெரிய எழுத்து. உள்ளே "தொகுத்தவர்: ரெயால் சாந்தோன், செயலாளர், தற்காலிக வட்டாரக் குழு, போர்-கமாஷ்" என்று சின்ன எழுத்து. என் தம்பி புத்தகம் போட்டிருக்கிறான் என்று பெருமையாகத்தான் பிரித்தேன். உன் அத்தான் ஓவீட் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நதிக்கரை இத்தனை கிலோமீட்டர், மலை இத்தனை மீட்டர், பெரிய ஏரி பதினாலு, சின்ன ஏரி எண்ணவில்லை. பதினேழாம் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்ன, வாய் வலிக்குதா? வாசி" என்றார் ஓவீட்.

"நாம இல்லையாம்."

"எங்க இல்லையாம்?"

"எங்கயுமே."

நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். "சென்-ஒராஸ் கிராமத்தின் ஆறாம் வரிசை: குளிர்காலத்தில் பாதை பயன்படாது. நிரந்தர மக்கள்தொகை: இல்லை."

நம் மலைப்பாதையோரம் வரிசையாகப் பதினோரு வீடு, ரெயால். முப்பத்தெட்டுப் பேர். அதில் ஒரு வீட்டில்தான் நீ பிறந்தாய். மாடிப்படி மூன்றாவது பலகையில் நீ கத்தியால் கீறிய கீறல் இன்னும் இருக்கிறது. இல்லாத வீட்டில் எப்படிக் கீறினாய்?

இன்னொன்றும் கேட்கிறேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் மொழிக்கணக்கு போட்டிருக்கிறாய். வட்டாரத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இத்தனை ஆயிரம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் கெரிகன் வீட்டார். கெரிகன் வீடு எங்கே இருக்கிறது? ஆறாம் வரிசையில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. ஆளே இல்லாத வரிசையில் நாலு பேர் ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு மூளை இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொன்னார்களே, அதை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அமைச்சகத்து ஆள் செப்டம்பரில் வந்து எங்கள் மேயரிடம் சொல்லிவிட்டுப் போனான். நிரந்தரமாக ஆள் இல்லாத வரிசைகளுக்குப் புது வரைபடத்தில் பச்சை அடித்துவிடுவார்களாம். பச்சை என்றால் காடு. காட்டுக்குப் போகிற பாதையில் அடுத்த குளிர்காலத்திலிருந்து பனி தள்ளும் வண்டி வராது. நவம்பரில் அடைத்தால் ஏப்ரல் வரை நாங்கள் வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான், இல்லையென்றால் வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான். மலைக்குத் தெற்கே பத்து வருடம் முன்பு மூடினார்களே, அந்தப் பங்குக் கிராமங்களை மறந்துவிட்டாயா? கோயில் மணியை லாரியில் ஏற்றினார்கள். திரும்பி வரக் கூடாது என்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அவர்களுக்கும் முதலில் ஒரு கையேடுதான் வந்தது.

நவம்பர் 24 அன்று எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம் என்று உன் கையேட்டிலேயே போட்டிருக்கிறாய். அதற்குள் பதினேழாம் பக்கத்தைத் திருத்து. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் பதினோரு வீட்டுக்கும் ஒரே லைன், எல்லாரும் ஒட்டுக் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

ஜெம்மா


போர்-கமாஷ்
20 அக்டோபர் 1981

ஜெம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கத்தாமல் பதில் எழுத வேண்டும் என்று மூன்று நாள் பொறுத்தேன்.

மக்கள்தொகையை நான் கையால் எண்ணவில்லை. தபால் நிலையத்துப் பட்டியலை வைத்து எடுத்தேன். வட்டாரம் முழுக்க அப்படித்தான் எடுத்தோம். ஆறாம் வரிசையில் ஒரு தபால் பெட்டிகூட இல்லை. உங்கள் பதினோரு பெட்டியும் மலையடியில் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அந்த இடம் போர்-கமாஷ் எல்லைக்குள் வருகிறது. அதனால் நீங்கள் போர்-கமாஷ் கணக்கில் சேர்ந்துவிட்டீர்கள். தபால்காரர் கோன்சாக் தன் காரை மேலே ஓட்ட மாட்டேன் என்றதற்கு நான் பொறுப்பா? மொழிக்கணக்கு ஆங்கிலப் போதகரிடமிருந்து வந்தது. கெரிகன் விஷயத்தில் நீ சொல்வது சரி. அது என் கவனக்குறைவு.

இதுவரை செயலாளர் எழுதியது. இனி நான் எழுதுகிறேன்.

பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுவரை தினமும் நடந்து போய் அந்தப் பெட்டியைத் திறந்தவன் நான். தெரிந்தேதான் விட்டேன். உனக்கு ஐம்பத்தொரு வயது. ஓவீட்டுக்கு முதுகு போய்விட்டது. இங்கே கோயிலுக்குப் பின்னால் மூன்று அறை வீடுகள் கட்டியிருக்கிறார்கள், மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். மூன்று வருடமாகக் கேட்கிறேன், இறங்கி வா என்று. நீ கேட்கவில்லை. சரி, வண்டி வராவிட்டால் இறங்கித்தானே ஆக வேண்டும்.

கெட்டவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பதினேழாம் பக்கத்து அடிக்குறிப்பை நீ எடுத்து எழுதவில்லை, கவனித்தேன். "1976 பிப்ரவரி 11 அன்று பாதை அடைபட்டதால் மருத்துவர் வர முடியாமல் ஒருவர் இறந்தார்." அந்த ஒருவர் நம் அப்பா. அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு நீயே உன் வாயால் போனில் என்னிடம் சொன்னாய். கியூபெக் நகரில் அந்தச் சின்ன அறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடற்கரை நெடுஞ்சாலையும் மூடிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தேன். அதற்குள் அவரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டீர்கள்.

அந்தப் பாதை நம் அப்பாவைக் கொன்றது. அதற்கு நிரந்தரமாக ஒரு பூட்டுப் போடுகிறேன்.

ரெயால்


ஆறாம் வரிசை
27 அக்டோபர் 1981

ரெயாலுக்கு,

தெரிந்தே விட்டாயாம். என் நல்லதுக்காக என்னை அழித்திருக்கிறாய். பதினோரு வீட்டையும் சேர்த்து. கெரிகன் கிழவர் உன் அக்காவா? துர்ஜோன் வீட்டு மூன்று குழந்தைகள் உன் அக்காவா? அவர்கள் ஏன் உன் மூன்று அறை வீட்டுக்கு வர வேண்டும்?

ஞாயிறு பூசை முடிந்து கெரிகன் வீட்டு அடுப்பங்கரையில் எல்லாரும் கூடினோம். பனி தள்ளும் வண்டி ஓட்டும் லோரெயா டுபேயும் கிராமத்திலிருந்து ஏறி வந்திருந்தார். ஆள் இல்லாத பாதையில் முப்பது வருடமாக வண்டி ஓட்டியிருக்கிறாரே, அவருக்கும் தெரிய வேண்டாமா. கையேட்டைச் சுற்றில் விட்டோம். கெரிகன் மொழிக்கணக்கைப் பார்த்துவிட்டு, நம் ஊர் வழக்கப்படி பலிபீடத்தில் இருக்கிற சாமான்களின் பெயரையெல்லாம் வசவாக்கித் திட்டினார். முதலில் பிரெஞ்சில். பிறகு ஆங்கிலத்தில்.

"நாலு பேர்னு போட்டிருக்கான் பாரு. நாயைச் சேத்தா அஞ்சு. அதுவும் இங்கிலீஷ்லதான் குரைக்குது" என்றார்.

"உங்க நாய் எனக்குத் தெரிஞ்சு பிரெஞ்சுக்காரங்களத்தான் கடிக்குது" என்றார் ஓவீட்.

சிரித்தோம். பிறகு துர்ஜோன் அம்மாள் அடிக்குறிப்பை வாசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லோரெயா தன் பூட்ஸைப் பார்த்தார். காபியைக் குடித்து முடிக்காமலே, "வண்டிக்குச் சங்கிலி மாட்டணும், வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

ரெயால், மற்றதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்துவிடு. அப்பாவை அதற்குள் இழுக்காதே. அவர் செத்தது நம் வீட்டு விஷயம், வட்டாரத்துக்கு அதில் என்ன வேலை? மக்கள்தொகையில் நாங்கள் இல்லை என்றே இருக்கட்டும், அதற்கு நான் கூட்டத்தில் வந்து உன்னோடு மல்லுக்கு நிற்கிறேன். அடிக்குறிப்பை எடு. கேட்டுக்கொள்கிறேன்.

ஜெம்மா


போர்-கமாஷ்
2 நவம்பர் 1981

ஜெம்மாவுக்கு,

முடியாது.

நீ கேட்டுக்கொள்கிறாய் என்பதே எனக்கு ஆச்சரியம். நீ யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. ஆனாலும் முடியாது. கையேட்டில் இருக்கிற எண்கள் தப்பாக இருக்கலாம். அந்த ஒரு வரி உண்மை. உண்மையை எடுத்துவிட்டுத் தப்பை வைத்துக்கொள் என்கிறாயா?

லோரெயா பூட்ஸைப் பார்த்தாராமே. பார்க்கட்டும். அன்று விடியற்காலையில் எழுந்து வண்டியைக் கிளப்பியிருந்தால் மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வந்திருப்பார். அப்பாவுக்கு இதயம் உடனே நிற்கவில்லை என்று நீதான் சொன்னாய். காலையில் வலி, மாலையில் போனார். அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. அந்த மனுஷன் தன் வீட்டில் கதகதப்பாக உட்கார்ந்திருந்தான். இறுதிப் பூசையன்று கோயில் வாசலில் எல்லாரையும் போல அவனும் வந்து எனக்குக் கை நீட்டினான். நான் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். "வண்டி கிடைக்கலயா உனக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்?

மண் உறைந்திருந்ததால் அப்பாவை மே மாதம்வரை கல்லறைக் கிடங்கில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று மாதமும் நான் தூங்கவில்லை. ஒரு பாதை திறந்திருந்தால் போதும், ஒரே ஒரு பாதை என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். உனக்கு அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது. நீ அதே பாதையில் மேப்பிள் பாகு விற்கப் போய் வந்துகொண்டிருக்கிறாய்.

24ஆம் தேதி கூட்டத்தில் நானே எழுந்து இதைச் சொல்லப்போகிறேன். லோரெயாவின் பெயரோடு சேர்த்து.

ரெயால்


சென்-ஒராஸ் தபால் நிலையம்
9 நவம்பர் 1981

ரெயாலுக்கு,

தபால் நிலையத்துப் பலகையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். போனதுக்கு முந்தின சனிக்கிழமை ஓவீட்டும் துர்ஜோனும் கெரிகன் மகனும் இரும்புப் பாலத்திலிருந்து பதினோரு பெட்டிகளையும் கடப்பாரை போட்டுப் பிடுங்கினார்கள். டிராக்டரில் ஏற்றி மேலே கொண்டுபோய் அவரவர் வாசலில் நட்டுவிட்டோம். இனி உன் பட்டியலில் நாங்கள் போர்-கமாஷில் இருக்க மாட்டோம். கோன்சாக் மேலே வர மறுக்கிறார். "எனக்கு ஒரே ஒரு கார்தான் இருக்கு, உங்க மானத்துக்கு அதைக் குடுக்க முடியாது" என்கிறார். அதனால் ஒரு வாரமாக எங்களுக்குத் தபால் இல்லை. உன் கடிதத்தை இங்கே வந்து வாங்கிக்கொண்டேன்.

லோரெயாவைப் பற்றிக் கூட்டத்தில் பேசாதே.

இதற்கு மேல் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. போனில் முடியாது. வருகிற ஞாயிறு மேலே வா. பாதை நன்றாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ. ஓவீட்டைக் கெரிகன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நீயும் நானும் மட்டும் இருப்போம். நம் மற்ற சண்டையில் ஒரு சொல்லைக்கூட நான் அன்றைக்கு எடுக்க மாட்டேன்.

வா, ரெயால்.

ஜெம்மா


போர்-கமாஷ்
13 நவம்பர் 1981

ஜெம்மாவுக்கு,

வர மாட்டேன். எனக்குத் தெரியும் உன் வேலை. எனக்குப் பிடித்த இறைச்சி அப்பம், தூர்த்தியேர் சுட்டு வைப்பாய், அப்பாவின் நாற்காலியில் என்னை உட்கார வைப்பாய், அழுவாய். நான் இளகிப் போய் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொடுத்துவிட்டு இறங்குவேன். பிறகு ஏதாவது ஒரு பிப்ரவரியில் உனக்காக யாராவது எனக்குப் போன் செய்வார்கள்.

பெட்டிகளைப் பிடுங்கியது சட்டப்படி தவறு. அவை தபால் துறையின் அனுமதியோடு நட்டவை. இதையும் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

சொல்ல வேண்டியதை எல்லாரும் சொல்வதுபோல 24ஆம் தேதி மண்டபத்தில் சொல்.

ரெயால்


போர்-கமாஷ்
25 நவம்பர் 1981

ஜெம்மா,

நேற்று அந்த மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் நீ என்னை நிற்க வைத்தாய். என்ன செய்தாய் என்று உனக்குப் புரிகிறதா? புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எழுந்து பேசினேன். புவியியல், மக்கள்தொகை, பாதை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். லோரெயா டுபேயின் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் மேயர் அவரைக் கேட்டார்.

"லோரெயா, இதுக்கு என்ன சொல்ற?"

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"சொல்லுய்யா! நீ சொல்லலேன்னா நான் சொல்வேன்!" என்று கெரிகன் எழுந்து கத்தினார்.

"நீங்க உக்காருங்க கெரிகன். வேணாம் விடுங்க" என்றார் லோரெயா.

அப்போது மேயர் கிராம அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். வண்டி எத்தனை மணிக்குப் போனது, எங்கே திரும்பியது என்று லோரெயா தினமும் எழுதிவைக்கும் நோட்டுகள். பாதை குளிர்காலத்தில் பயன்படுகிறது என்று காட்டத்தான் அவற்றை எடுத்து வைத்திருந்தாராம். எந்த வருடம் வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நான் முட்டாள். 1976 என்றேன்.

நோட்டைக் கொண்டுவந்த அலுவலகத்துப் பெண் வாசித்ததை நான் மறக்க மாட்டேன். "பிப்ரவரி 11, புதன். காலை ஐந்து பத்து: கிளம்பினேன். ஆறு நாற்பது: ஆறாம் வரிசை கடைசிவரை தள்ளியாயிற்று. சாந்தோன் வீட்டில் காபி. பதினொன்று ஐம்பது: இரண்டாம் தடவை. மூன்று பத்து: மூன்றாம் தடவை. பாதை நாள் முழுக்கத் திறப்பு."

சாந்தோன் வீட்டில் காபி. நம் வீட்டில். அப்பா சாகிற அன்று காலை லோரெயா நம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்.

மண்டபம் முழுக்க ஒருவர்கூட வாய் பிளக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. யாருக்கும் அது புதுச் செய்தி இல்லை. ஆறு வருடமாக எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. உன்னைப் பார்த்தேன். நீ கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாய்.

ஆறு வருடம், ஜெம்மா. அந்த மனுஷனுக்கு ஆறு வருடம் நான் கை கொடுக்கவில்லை. கடையில் பார்த்தால் திரும்பிக்கொண்டு போனேன். அவர் பெயரை மண்டபத்தில் கொலைகாரன் பெயர்போலச் சொன்னேன். நீ சொன்ன ஒரு பொய்யை வைத்துப் பதினோரு வீட்டை வரைபடத்திலிருந்து அழிக்கப் பார்த்தேன். அடிக்குறிப்பை எடு, எடு என்று கெஞ்சினாயே, அப்பாவுக்காக என்று நினைத்தேன். உனக்காகக் கெஞ்சியிருக்கிறாய்.

பாதை திறந்திருந்தது. போன் சுவரில் இருந்தது. மருத்துவரை ஏன் கூப்பிடவில்லை?

என்னை ஏன் கூப்பிடவில்லை?

ரெயால்


ஆறாம் வரிசை
1 டிசம்பர் 1981

ரெயாலுக்கு,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். நீ திட்டுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் இதை முழுக்க வாசி.

லோரெயா காபி குடித்துவிட்டுப் போகும்போது அப்பா ஜன்னலில் நின்று கை காட்டினார். எட்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் போனை எடுக்கப் போனேன்.

"வெச்சிடு" என்றார்.

"டாக்டரக் கூப்பிடறேன்ப்பா. பாதை திறந்திருக்கு."

"தெரியும். அதான் வெச்சிடுன்னு சொல்றேன்."

அதற்கு முந்தின வருடம் ஏழு வாரம் அவர் மருத்துவமனையில் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ இரண்டு தடவை வந்து பார்த்தாய். நான் ஏழு வாரமும் இருந்தேன். குழாய்களைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். அவருக்கு அந்தக் கட்டு மறக்கவில்லை. "திரும்ப அங்க என்னை அனுப்பினா உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றார். உன் அப்பா எப்படிச் சொல்வார் என்று உனக்குத் தெரியும். கத்தவில்லை.

"ரெயாலுக்காவது சொல்றேன்" என்றேன்.

"அவன் கிட்ட சொன்னா நாலு டாக்டரை ஹெலிகாப்டர்ல கொண்டாந்து இறக்குவான். வேண்டாம். அவன் நல்ல பையன். வேண்டாம்."

நான் கீழ்ப்படிந்தேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்தேன். நாலு பத்துக்குப் போனார்.

ஐந்து மணிக்கு நீயே போன் செய்தாய். ஏதோ மேப்பிள் பாகு கேட்க என்று நினைக்கிறேன். அப்பா போய்ட்டாருடா என்று சொன்னதும் நீ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "டாக்டர் எத்தனை மணிக்கு வந்தாரு?" என்னிடம் கணக்குக் கேட்டாய். நான் ஏழு வாரமும் அந்த ஒரு நாளும் அவர் பக்கத்தில் இருந்தவள், என்னிடம். கூப்பிடவே இல்லை என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பாதை அடைச்சிருந்துது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு வரி. லைனில் மற்ற பத்து வீடும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூட மூச்சு விடவில்லை. யாரும் உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஆட்களைத்தான் நீ இல்லை என்று எழுதினாய்.

லோரெயாவிடம் இறுதிப் பூசைக்கு மறுநாளே போனேன். ரெயாலிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இப்ப சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் வெட்டுக்குத்தாகும். அவன் எம்மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும். கூடப் பிறந்தவன் இல்லையே நான்" என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வசதியாக இருந்தது. ஒவ்வொரு விடியலிலும் அவர் வண்டி என் வாசலில் பனியைத் தள்ளிவிட்டுப் போகும். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பேன். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் காபிக்கு இறங்கவில்லை.

உன் கையேட்டில் அந்த வரியைப் பார்த்தபோதுதான் என் பொய் அச்சில் ஏறி என் வீட்டுக்கே வந்திருக்கிறது என்று தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டேன். தூர்த்தியேருக்கு என்று நினைத்தாய்.

இதற்கும் பதினேழாம் பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தில் மற்ற பத்து வீட்டையும் அழித்துவிடாதே. அதை மட்டும் கேட்கிறேன்.

ஜெம்மா


போர்-கமாஷ்
18 டிசம்பர் 1981

ஜெம்மாவுக்கு,

திருத்திய பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். "ஆறாம் வரிசை: பதினோரு குடும்பங்கள். நிரந்தர மக்கள்தொகை: 38. குளிர்காலம் முழுவதும் பாதை திறந்திருக்கும்." அடிக்குறிப்பு இல்லை. நேற்று குழு ஒப்புக்கொண்டது. பச்சை அடிக்க மாட்டார்கள். வண்டி வரும். உங்களுக்காகச் செய்யவில்லை. அதுதான் உண்மை என்பதால் செய்தேன். செயலாளர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், அதுவும் நியாயம்தான்.

லோரெயா வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கை நீட்டினேன். கொடுத்தார். "சரி, விடு. பெய்ய ஆரம்பிச்சிடுச்சு, நான் மேல போகணும்" என்றார். உள்ளே கூப்பிடவில்லை. நான் பாதையில் தனியாக நின்றேன்.

அப்பா கேட்டார், நீ கொடுத்தாய். அதைப் பத்துத் தடவை வாசித்தேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் போனை எடுத்திருப்பேன், அவர் என்னை மன்னிக்காமலே செத்திருப்பார். அது எனக்குப் புரிகிறது. மருத்துவரை விட்டுவிடுகிறேன்.

ஆனால் எட்டு மணியிலிருந்து நாலு பத்துவரை எட்டு மணி நேரம் இருந்தது. அந்த எட்டு மணி நேரமும் அவர் பேசினார். உன்னிடம். ஒரு தடவை போனைக் காதில் வைத்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். டாக்டரை அழைத்து வர மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். நீ அந்த நாளை முழுக்க எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி கொடுத்தாய். அந்த வரியும் பொய்.

உன் பாதை திறந்திருக்கிறது. நான் அதில் ஏற மாட்டேன். கடிதம் எழுதாதே.

ரெயால்


ஆறாம் வரிசை
21 டிசம்பர் 1981

ரெயாலுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், பிறகு எழுத மாட்டேன்.

நீ ஏறி வர வேண்டாம். ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்ததும் நான் இறங்கி வருகிறேன். ஓவீட் வரமாட்டார். தனியாக வருகிறேன். கையில் எதுவும் கொண்டுவர மாட்டேன், பயப்படாதே.

நீ கதவைச் சாத்திக்கொள்வாய். நான் தட்டுவேன். உன் பெண்டாட்டி ஜன்னலிலிருந்து பார்ப்பாள், எதிர்வீட்டு நோட்டரி பார்ப்பார், போர்-கமாஷ் தெரு முழுக்கப் பார்க்கட்டும். நீ திறக்கவில்லை என்றால் படியில் நின்றே ஆரம்பிப்பேன். எட்டு மணிக்கு அவர் என்ன சொன்னார், ஒன்பதுக்கு என்ன சொன்னார், பத்துக்கு எந்தச் சட்டையைக் கேட்டார், மதியம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார் என்று ஒவ்வொன்றாக. உன்னைப் பற்றித்தான், கழுதை. பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை உன்னைப் பற்றி மட்டும்தான்.

ஆறு வருடமாக இதை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சேர வேண்டிய பாதி அதில் இருக்கிறது. அதைக் கொடுத்து முடிக்கும்வரை உன் வாசலை விட்டு நகர மாட்டேன். அதற்குப் பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்து.

ஜெம்மா